பிரேக் மாமா படி ஏறினார்

அவருக்குப் பிரேக் மாமா என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் எவனோ ஒருவன் வைத்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில், சொல்லித்தருபவர் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்து நிறுத்திவிடலாம். அந்த சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய வலது கால் தனக்கென்று ஒரு புத்தி வைத்துக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். யாராவது மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் மிதிக்கும். மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பார். பால் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. வராதது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

நிமிர்ந்த முதுகுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. கீழே ஸ்கூல், மேலே வீடு. அவருடைய அப்பா ஆரம்பித்தது, அவர் கட்டிக் காத்தது, இப்போது மகளும் பெண்களுக்குச் சொல்லித்தந்துகொண்டிருப்பது. லைசென்ஸ் வாங்கித் தருகிறோம் என்று அந்த வாசலில் ஒரு நாளும் சொன்னதில்லை. ஓட்டச் சொல்லித்தருகிறோம் என்றுதான் சொல்வார்கள். வகுப்புக்கு வராமல் பரீட்சைக்கு மட்டும் வண்டி கேட்டு வந்தவர்களை அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புவார். தன் கையில் கற்றவன் எவனும் எவன் மேலும் இடித்ததில்லை என்று அடித்துச் சொல்வார். அது முழுக்க உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. அவர் சொல்லும் தோரணையில் விசாரிக்கத் தோன்றாது.

மகள் இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையில் இடம் போதாமல் போனதும் வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டு, கீழே ஆபீஸ் மேசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. அவர் கரைக்கு வருவதற்குள் குழந்தை முந்திக்கொள்ளும் என்பது தெரிந்த கதை. பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவளும் அவரும் போனில் பேசி முடிவு செய்திருந்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்போதைக்குத் தடை ஒன்றும் இல்லை, ஏதாவது மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

ஏன் வீட்டில் என்று பிரேக் மாமா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். இதற்கு முன் ஒரு முறை, வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே யார் மேலும் குறை சொல்வதற்கில்லை. நல்ல விதமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் நீளமான அந்த நடைபாதையில், மடியில் ஒரு நீலப் பையை வைத்துக்கொண்டு, உள்ளே கூப்பிடும் வரை அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூட யாரையும் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் பார்த்தார். அவருடைய கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை. வீடு திரும்பிய பிறகு அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்க ஒரு மருத்துவச்சி கிடைத்தார். அதற்கென்றே படித்து, பட்டம் வாங்கி, ஊரில் நல்ல பெயரோடு இருப்பவர். அவர் முதல் தடவை வந்த அன்று பிரேக் மாமா ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன கார் வந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவில், இவரே யோசிக்கக்கூடிய ஒரு சந்தில், ரிவர்ஸிலேயே வந்து ஒரே மூச்சில் நின்றது. குறை கண்டுபிடிக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

அந்தப் பெண் ஒரு காலத்தில் இவருடைய மாணவி. நாற்சந்தியின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டுத் திகைத்து நின்றவளை, உனக்கு வண்டியெல்லாம் எதுக்கும்மா, பேசாம நடந்து போ, நடக்கிறதுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கேட்டவர் இவர். அவள் அன்றே இறங்கி நடந்துவிட்டாள். நடந்தது நேராக ஹார்ன்காரன் ஸ்கூலுக்கு.

ஹார்ன்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இவரிடம் வேலைக்கு இருந்தவன்தான். ஓட்டுவதைவிட ஹார்ன் அடிப்பதில் கெட்டிக்காரன் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போய், கடைத்தெருவில் சொந்தமாக ஒரு ஸ்கூல் திறந்தான். போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் வாசலில் அவன் ஒரு பலகை மாட்டினான். 'இங்கே திட்டாமல் கற்றுத்தரப்படும்.' அது யாரைக் குத்துகிறது என்பது குழந்தைக்கும் புரியும். அன்று முதல் இந்தக் குடும்பத்து ஆட்கள் அந்தக் கட்டடத்தின் நிழலில்கூட நிற்பதில்லை. எதிர்ப் பக்கம் போய் நடப்பார்கள்.

மருத்துவச்சி பழையதை எதையும் கிளறவில்லை. மகளைப் பரிசோதித்தார், அறையைப் பார்த்தார், கட்டில் எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று சொன்னார். கடைசியில் நிதானமாக ஒரு நிபந்தனை போட்டார். தன்னிடம் பிரசவம் பார்த்துக்கொள்கிறவர்கள் முன்கூட்டியே பிரசவ வகுப்புக்கு வர வேண்டும். பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போகிறவரும் வர வேண்டும். வராவிட்டால் வீட்டுப் பிரசவத்துக்குத் தான் ஒத்துக்கொள்வதில்லை.

பிரேக் மாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்தது. கண்டிப்பு அவருக்குப் பிடித்த விஷயம். எங்கே நடக்கிறது என்று கேட்டார்.

"ஹார்ன் ஸ்கூல் மாடியில சார். வேற இடம் கிடைக்கல."

வந்த மரியாதை வந்த வழியே போய்விட்டது. வேண்டுமானால் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கட்டும், கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்றார். மருத்துவச்சி மறுத்துவிட்டார். நாலு பேரோடு உட்கார்ந்துதான் கற்க வேண்டும், மற்றவர்கள் பயப்படுவதைப் பார்த்தால்தான் நம் பயம் எவ்வளவு என்று தெரியும் என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்களும் காலி மைதானத்துல யாருக்கும் சொல்லித்தந்ததில்லையே சார், மொத நாளே ரோட்டுலதானே இறக்கிவிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

சாப்பிடும்போது அவர் தீர்ப்பைச் சொன்னார். இந்த வீட்டுப் பெண் அவன் படியை மிதிக்கக் கூடாது. கீழே அவன் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள்; பிரேக் மாமா பெண் இங்கே கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். தலைமுறையாகச் சம்பாதித்த பெயர், ஒரு சாயங்காலத்தில் காற்றில் போகும். வேறு மருத்துவச்சி பார்க்கலாம் என்றார். வேறு யாரும் இல்லை என்று மனைவி சொன்னாள். அப்படியென்றால் போனில் படம் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்.

மனைவி சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "போனைப் பாத்து வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்னு போன வாரம் ஒருத்தன் வந்தானே, அவனை என்ன சொல்லி அனுப்பினீங்க?" என்று கேட்டாள். அவர் மோர் கேட்டார்.

மகள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. அவளுக்கே மனம் இரண்டாக இருந்தது. சொல்லித்தருகிறவள் போய்ப் பாயில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்ற கூச்சம் அவளுக்கும் உண்டு, யார் பெண்? அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அங்கே போனால் முதல் கேள்வியாக, இது தலைப்பிரசவமா என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் வகுப்பைப் பற்றிய பேச்சே எழவில்லை. தான் வென்றுவிட்டதாக பிரேக் மாமா நினைத்துக்கொண்டார். ஒரு நாள் மதியம், வண்டிச் சாவி ஒன்றைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தார். மகள் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல் நீலப் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் துணிகளை மடித்து மடித்து அதற்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை வைப்பாள், நிற்பாள், பையைப் பார்ப்பாள், இன்னொன்றை எடுப்பாள்.

"எங்கேம்மா கிளம்பற?"

"எங்கேயும் இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குன்னா பை ரெடியா இருக்கணும்ல. வகுப்புக்குப் போகலேன்னா அவங்க வரமாட்டாங்க. அதான்."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். அது இல்லை. எஜமானர் விடுமுறை மறுத்துவிட்டார், சரி, வேலைக்கு வருகிறேன் என்கிற குரல் அது. அந்தப் பையை அவள் வெறும் கையால் தொடுவதே ஏதோ சுடுபாத்திரத்தைத் தொடுவது போல இருந்தது. அவர் கதவருகே நின்றார். தன் கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை அன்றுதான் அவரே குனிந்து பார்த்தார்.

சாவியைத் தேடாமல் சமையலறைக்குப் போனார். மனைவியிடம், வகுப்பு என்றைக்கு என்று கேட்டார். நீ கூடப் போ என்றார்.

"நானா? அவளுக்கு ஊசி போட்டாலே எனக்கு மயக்கம் வரும். அன்னிக்கும் நான் அழுது அவளையும் அழ வெச்சேன். நான் வெந்நீர் போடறேன், துணி துவைக்கறேன், சாமியைக் கும்பிட்டுக்கறேன். பக்கத்துல உட்கார என்னால ஆகாது" என்றாள் அவள். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். "பயந்தவங்க பக்கத்துல உட்காரறதுதானே உங்க தொழிலு. நீங்க போங்க."

இது என்ன பேச்சு, ஆம்பளை போய் உட்காருகிற இடமா என்று அவர் ஒரு பாட்டம் குதித்தார். மாப்பிள்ளை இருந்திருந்தால் மாப்பிள்ளை போயிருப்பார், அவரும் ஆம்பளைதான் என்றாள் மனைவி. தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை, மற்றதெல்லாம் மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் முன்பே கேட்டு வைத்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகளிடம் கேட்டார்கள். அவள் அப்பாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "திட்டமாட்டீங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பு நாளில் அவர் ஸ்கூல் வண்டியின் தலைமேல் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி டிக்கியில் போட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து வெளியில் போகும்போது கழற்றாத பலகை. கடைத்தெருவுக்கு முந்தின சந்திலேயே வண்டியை நிறுத்தினார். நிறைமாதக்காரி அவ்வளவு தூரம் நடந்தாள். அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடன் வாங்கப் போகிறவன் மாதிரி சுவரோரமாக வந்தார். படியை மறித்துக்கொண்டு ஹார்ன்காரனின் வண்டி ஒன்று நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து ஏறினாள். நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை.

மேலே பாய் விரித்த ஒரு கூடம். வயிறும் தலையணையுமாகப் பெண்கள், அவர்கள் பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு கணவன்மார்கள், ஒரு மாமியார். பாலிஷ் போட்ட ஷூவோடு பிரேக் மாமா ஒரு நாற்காலியைத் தேடி எடுத்து, சுவரோரம் போட்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர் போல உட்கார்ந்தார். எல்லோரையும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார் மருத்துவச்சி. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மகளின் முறை வந்தது. அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது" என்றாள். "மொதல்ல ஒண்ணு தங்கல."

அந்த வார்த்தைகளை அவர் அதுவரை கேட்டதில்லை. அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பக்கத்துப் பாயில் இருந்த பெண் மகளின் கைமேல் கையை வைத்தாள். அப்போது டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக் மாமாவின் ஷூ தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

மருத்துவச்சி அருகில் வந்தார். "சார், அங்க ஒண்ணும் இல்ல" என்றார் மெதுவாக. கணவன்மார்களில் ஒருவன் சிரித்தான். அவனும் இவரிடம் கற்றவன்தான் போலிருக்கிறது.

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியாது சார். இங்க உங்க பக்கம் பிரேக் கிடையாது. வலி வரும், ஏறும், இறங்கும். நீங்க நிறுத்த முடியாது. நிறுத்தணும்னும் இல்ல. கூட இருக்கணும். ஷூவைக் கழட்டிட்டு அவ பக்கத்துல கீழ உட்காருங்க. காலை மடக்கிக்குங்க."

நடந்து போ என்று தான் சொன்னதற்கு இது பழிவாங்கலா என்று மருத்துவச்சியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கண்டிப்பு மட்டும் இருந்தது, தன்னுடையது போலவே. அவர் ஷூவைக் கழற்றினார். அந்த முதுகு தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. முழங்கால்கள் மளுக்கென்று சத்தம் போட்டன. வலது காலை இடது தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டார்.

பயிற்சிக்கு ஆளுக்கொரு ஐஸ் கட்டி கொடுத்தார்கள். கர்ப்பிணி அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் குரலால் அவளைத் தாங்க வேண்டும். மகளின் முகம் சுருங்கத் தொடங்கியது. என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னார்.

"பதறாதே. முன்னாடி பாரு. கண்ணாடியைப் பாரு. அப்படித்தான். கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா..."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஐஸ் கட்டி நழுவி அவர் மடியில் விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த ஆஸ்பத்திரி நடைபாதைக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. மருத்துவச்சியும் சிரித்தார். கிளட்ச்சை விட்டுவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், குரல் நன்றாக இருக்கிறது என்றார். திட்டாத போது தன் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

இறங்கி வரும்போது ஹார்ன்காரனின் மாணவர்கள் கும்பலாகக் கீழே நின்றிருந்தார்கள். மறுநாளே ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது. பிரேக் மாமா ஸ்கூலை ஹார்ன்காரனுக்கு விற்கப் போகிறார் என்றது ஒரு வாய். அவனோடு பங்குக்கு இறங்குகிறார் என்றது இன்னொன்று. கண் தெரியவில்லை, திரும்பவும் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று டீக்கடையில் பேசினார்களாம். மனைவி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சொன்னாள். இனி அவர் போகமாட்டார் என்று பயந்துதான் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டைக்குக் கஞ்சி போட்டு வைக்கச் சொன்னார்.

அடுத்த வகுப்பு நாளில் டிக்கியிலிருந்து பலகையை எடுத்தார். துடைத்தார். வண்டியின் தலையில் மாட்டி, ஆட்டிப் பார்த்தார். கடைத்தெருவுக்குள் நேராக விட்டு, ஹார்ன்காரனின் வாசலிலேயே நிறுத்தி, மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நடமாட்டம் ஒரு நொடி நின்றது. ஹார்ன்காரன் வாசலில் சாய்ந்துகொண்டிருந்தான். சுற்றி அவனுடைய மாணவர்கள்.

"வாங்க சார்" என்றான். "என்ன, கத்துக்க வந்தீங்களா?"

"ஆமாம்" என்றார் பிரேக் மாமா, தெருவுக்கே கேட்கும் குரலில். "என் பொண்ணுக்குப் பிரசவம். பக்கத்துல இருக்கப்போறது நான். எங்க வீட்ல கத்துக்காம ஒண்ணுத்தையும் தொடமாட்டோம், உனக்குத்தான் தெரியுமே. படியில நிக்கிற உன் வண்டியை எடு. அவளால பக்கவாட்டுல போக முடியல."

ஹார்ன்காரன் அவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பழைய நாளில் அவளுக்கு மிட்டாய் வாங்கித் தந்தவன் அவன். சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தானே வண்டியை நகர்த்தினான். ஹார்ன் அடிக்கவில்லை. அதன் பிறகு எந்த வகுப்பு நாளிலும் அந்தப் படியில் வண்டி நிற்கவில்லை. அவர் நன்றி சொல்லவில்லை; ஆனால் எதிர்ப் பக்கம் போய் நடப்பதை விட்டுவிட்டார்.

வலி ஒரு காலையில் வந்தது. கீழே மாணவர்கள் வந்து நிற்கிற நேரம். பிரேக் மாமா இறங்கிப்போய், இன்று வகுப்பு இல்லை, நாளை வாருங்கள் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை என்பதால், அவர்கள் போகாமல் ஸ்கூல் வாசலிலேயே நின்றார்கள். சின்ன கார் வந்து அதே சந்தில் ஒரே மூச்சில் நின்றது. சமையலறையில் மனைவி வெந்நீருக்கு மேல் அழுதுகொண்டிருந்தாள். நீலப் பை அறை மூலையில் தயாராக இருந்தது, தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டு ஓட. யாரும் அதைப் பார்க்கவில்லை.

யாரும் சொல்வதற்கு முன்பே அவர் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார். மகளின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, வலது காலை மடக்கி அதன்மேல் தன் கனத்தையெல்லாம் இறக்கினார். அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவரா அவளா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது.

வலி ஏறியது. இறங்கியது. ஏறியது. "முன்னாடி பாரும்மா. பதறாதே. அப்படித்தான். நான் பக்கத்துல இருக்கேன்." அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருமுறை அவள் வலியின் நடுவில் கண்ணைத் திறந்து, "கிளட்ச்சுப்பா?" என்று கேட்டாள். "விட்டுடு" என்றார் அவர். மருத்துவச்சி தலையைக் குனிந்தபடி சிரித்தது தெரிந்தது. பிறகு பேச நேரம் இல்லாமல் போனது. பிறகு சமையலறை வரை, ஸ்கூல் வாசல் வரை ஓர் அழுகுரல் கேட்டது. கீழே மாணவர்கள் கைதட்டினார்கள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது கால் தொடையிலிருந்து கட்டைவிரல் வரை மரத்துப்போய், யாருடைய காலோ போலக் கிடந்தது. மருத்துவச்சி துணியில் சுற்றிய குழந்தையோடு திரும்பினார். அவர் பதறிக்கொண்டு கையை ஊன்றி முயன்றார். மகள் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"எந்திரிக்காதீங்கப்பா" என்றாள். "அப்படியே உட்காருங்க. இவளைப் பிடிங்க."